எண்ணூர் முதல் நெம்மேலி வரை: கடலில் தொழிலும் நடக்க வேண்டும், கடலும் பிழைக்க வேண்டும். வழி என்ன?

துறைமுகத்தெரு எழுதியது:

வணக்கம். பாரிமுனையில் சரக்குக் கப்பல்களுக்கான ஆவண வேலை பார்க்கிறேன். குடியிருப்பது திருவொற்றியூர். துறைமுகத்தில் வேலை இருந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். ஆகவே துறைமுகமே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. எடைக் கணக்கில் பார்த்தால் நம் நாட்டின் வெளிநாட்டு வணிகத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு கடல் வழியாகத்தான் நடக்கிறது. சமையல் எரிவாயு, உரம், நிலக்கரி, நாம் ஏற்றுமதி செய்யும் கார்கள் என்று எல்லாம் கப்பலை நம்பியே இருக்கின்றன.

ஆனால் நான் குடியிருக்கும் தெருவிலேயே வலை பின்னுகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணூருக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் திறனை ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன்னாக உயர்த்தும் திட்டம் பேச்சுக்கு வந்த நாளிலிருந்து, அவர்களும் நாங்களும் முகம் கொடுத்துப் பேசுவதே குறைந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் "வளர்ச்சி" என்கிறார்கள். தெருவில் "அழிவு" என்கிறார்கள். இரண்டு சொல்லோடும் பேச்சு நின்றுவிடுகிறது.

என் கேள்வி நேரானது. துறைமுகம், மீன்பிடிப்பு, குடிநீர் ஆலை, கடல் உயிர் ஆகிய இவையெல்லாம் ஒரே கடலில் இருக்க முடியுமா? முடியும் என்றால் எந்த நிபந்தனையின் பேரில்? தெரிந்தவர்கள் திட்டவட்டமாகச் சொல்லுங்கள்.

---

கழிமுகம் எழுதியது:

ஐயா, எங்கள் ஆற்றை வைத்துச் சொல்கிறேன். என் தகப்பனார் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கடலிலும் தொழில் செய்தவர். நான் பள்ளி ஆசிரியை.

கழிமுகம் என்பது கடலின் ஓரத்தில் கிடக்கும் வெறும் சதுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கடலில் இட்ட முட்டையிலிருந்து பொரிந்த இறால் குஞ்சுகள் அலையோடு உள்ளே வந்து, உப்பும் நன்னீரும் கலந்த இந்தத் தண்ணீரில் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. காசிமேட்டு ஏலத்தில் கூடை கூடையாக விற்கும் வெள்ளை இறாலில் எவ்வளவோ இப்படிப்பட்ட கழிமுகங்களில் வளர்ந்தவைதான். எங்கள் ஆறு கெட்டால் அது எண்ணூரோடு நிற்காது, ஐயா.

கெட்டுத்தான் போயிருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய் உடைப்புகள் வழியாக ஆற்றில் இறங்கிப் படிந்து, ஆளை மறைக்கும் ஆழம் இருந்த இடங்கள் முழங்கால் அளவாகிவிட்டன. எங்கள் பெண்களும் இருளர் குடும்பத்துப் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் அமர்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிப்பார்கள். அந்த வேலைக்கு வலை வேண்டாம், படகு வேண்டாம், கடன் வேண்டாம். இன்று அந்த இடத்தில் கை வைத்தால் சாம்பல் சேறுதான் வருகிறது. போதாததற்கு, குளிர்விப்பதற்காக எடுக்கப்பட்ட நீரைச் சூட்டோடு திரும்ப விடுகிறார்கள்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. தார் போன்ற எண்ணெயைத் தொழிலாளர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்தது. இந்த முறை ஆற்றுக்குள்ளேயே வந்தது. வலை, படகு, அலையாத்தி மரத்தின் வேர் என்று எல்லாம் கறுத்துப் போயின. குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். வலையின் விலை தெரிந்தவர்களுக்கு அந்தத் தொகை எதற்குப் போதும் என்று தெரியும். அதன் பிறகு பல வாரங்கள் "எண்ணூர் மீனா, வேண்டாம்" என்று சந்தையில் முகத்தைத் திருப்பினார்கள். வெகுதூரம் போய்ப் பிடித்து வந்த மீனுக்கும் அதே கதிதான்.

இந்த இழப்பெல்லாம் எந்தத் திட்ட அறிக்கையின் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டது? எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு சமநிலை பற்றிப் பேசுவோம்.

---

அலைவரி எழுதியது:

கடற்கரைப் பொறியியல் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சகோதரி கேட்ட "செலவுப் பக்கம்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மணலை வைத்து அதை விளக்குகிறேன்.

சென்னைக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் வடக்கே போனதுதான் அதிகம். வாய்க்காலில் மேல்மடையை அடைத்தால் கீழ்மடை காய்வதைப் போல, கடலுக்குள் ஒரு தடுப்புச் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்டபோது இதுதான் நடந்தது. தெற்கே சேர்ந்த மணல்தான் நாம் மாலையில் காற்று வாங்கும் மெரினாவின் அகலம். வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கரை போயிற்று. தெருக்கள் போயின, கோயில்கள் போயின. கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது, அதற்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. கரைவலை இழுக்கவும் படகு ஏற்றவும் மணல் வேண்டும். கற்குவியலில் அதைச் செய்ய முடியாது. துறைமுகத்தின் லாபம் ஒரு கணக்கில் ஏறியது. இராயபுரத்துக்காரனின் கரை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. தெற்கே சேரும் மணலை ஆண்டுதோறும் எடுத்து வடக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது உலகில் பல துறைமுகங்களில் நடக்கும் வழக்கமான வேலை. புதுச்சேரியில் 1980களில் துறைமுகம் கட்டியபோதே அதற்கான ஏற்பாடு வடிவமைப்பில் இருந்தது. ஒழுங்காக இயக்காமல் விட்டதால் நகரத்தின் கடற்கரையே காணாமல் போயிற்று. பிறகு பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த செயற்கைத் திட்டைக் கடலுக்குள் இறக்கினார்கள். அதற்குப் பின்னால் மணல் மீண்டும் சேர்ந்தது. இயற்கையின் போக்கைத் தெரிந்து செலவு செய்தால் பலன் உண்டு. செலவு செய்யாமல் விட்டால், அந்தச் செலவை வேறொருவர் தலையில் கட்டியதாகத்தான் பொருள்.

காட்டுப்பள்ளி இன்னும் நுட்பமான இடம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், நடுவில் ஒல்லியான ஒரு மணல் தீவு. வடக்கே பழவேற்காடு ஏரி. சில்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. அந்தத் தீவின் வடபகுதி அரித்துப் போனால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே எது நிற்கும் என்ற கேள்விக்குக் கல் கொட்டுவோம் என்ற பதில் போதாது.

---

துறைமுகத்தெரு எழுதியது:

அலைவரி ஐயா, நன்றி. இது வேலைக்கு ஆகும் பேச்சு.

அப்படியானால் மணல் மாற்றும் செலவைத் துறைமுகத்தின் ஆண்டுச் செலவிலேயே சேர்த்துவிட்டால் என்ன? டன் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால் இறக்குமதியாளர் கொடுக்கத்தான் செய்வார். ஏற்கெனவே எத்தனையோ தலைப்புகளில் கொடுக்கிறார்கள். மாசுபடுத்துகிறவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நமக்குப் புதிய சட்டமும் இல்லை. பாலாற்றைத் தோல் தொழிற்சாலைகள் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்ன தீர்ப்பு அது. வழக்கு நம் வேலூரிலிருந்து போனது.

கழிமுகம் அம்மா, இன்னொன்று கேட்க வேண்டும். ஆற்றில் புதிதாக ஒரு சிப்பி பரவியிருக்கிறது என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். அது என்ன?

---

கழிமுகம் எழுதியது:

காக்கா ஆழி. கறுப்பாக, விரல் நீளத்துக்குக் கூடக் குறைவாக இருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இனம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இது தனியாக இருப்பதில்லை. ஒன்றோடொன்று நூல் போலப் பின்னிக்கொண்டு ஆற்றின் தரை முழுக்கக் கம்பளமாகப் படர்ந்துவிடுகிறது. அதன் கீழே மண்ணுக்குக் காற்று இல்லை. நாங்கள் எடுத்து விற்ற மஞ்சள் மட்டி அந்த இடங்களில் இல்லை. இறால் மண்ணில் புதைந்துதான் இருக்கும். புதைய மண்ணே கிடைக்காவிட்டால் அது எங்கே போகும்? காலை வைத்தால் ஓடு கிழிக்கிறது. வலையை வைத்தால் வலை கிழிகிறது. எண்ணூரில் தொடங்கிப் பழவேற்காட்டுப் பக்கமும் போய்விட்டது.

எண்ணெய் என்றால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கரையும். இது உயிர். பெருகிக்கொண்டே போகும். அகற்ற வேண்டும் என்று மனு கொடுத்தோம், பசுமைத் தீர்ப்பாயம் வரை விவகாரம் போனது. தூர்வார யார் பணம் தருவது என்ற பேச்சில் மாதங்கள் ஓடுகின்றன. அதற்குள் அடுத்த மழைக்காலம் வருகிறது. வெள்ளம் வந்தால் ஆற்றின் வாயை இதுவும் சேர்ந்து அடைக்கும். அப்போது வெள்ளத்தில் நிற்கப்போவது எங்கள் குப்பங்கள் மட்டும் இல்லை.

---

துறைமுகத்தெரு எழுதியது:

இது எங்கள் தொழிலோடு தொடர்புடையது, ஆகவே தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சரக்கு இல்லாத கப்பல் கடலில் நிலையாக நிற்காது. அதனால் சரக்கு இறக்கிய துறைமுகத்தில் கடல்நீரைத் தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளும். அதற்குப் பாலாஸ்ட் நீர் என்று பெயர். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்த நீரை வெளியே விட்டுவிடும். அந்த நீரோடு அந்த ஊர்க் கடலின் முட்டை, குஞ்சு, பாசி எல்லாம் இங்கே இறங்கும். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் வரும். காக்கா ஆழி இப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இதற்கென்றே 2004இல் ஒரு பன்னாட்டு உடன்படிக்கை உருவாகி 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொட்டி நீரை வடிகட்டிப் புற ஊதாக் கதிராலோ மின்பகுப்பாலோ சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும் என்பது அதன் சாரம். அந்த உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல்களுக்குச் சுத்திகரிப்புத் தரத்தை எட்ட 2024 செப்டம்பர் வரை கெடு கொடுத்திருந்தார்கள். ஆக, கருவி கப்பலில் இருக்கிறது. எங்கே நீர் எடுத்தார்கள், எங்கே விட்டார்கள் என்ற பதிவேடும் இருக்கிறது. துறைமுகத்தில் அந்த ஏட்டை வாங்கிப் பார்த்து, சந்தேகப்பட்டால் நீரின் மாதிரி எடுக்க வேண்டும். இதற்கு ஒரு சிறிய ஆய்வகமும் சில ஆட்களும் போதும். 32 கோடி டன் சரக்குக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு இது செலவே இல்லை.

---

ஆமைநடை எழுதியது:

தென்சென்னையிலிருந்து எழுதுகிறேன். நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, பங்குனி ஆமை என்று நம் மீனவர்கள் சொல்லும் ஆமையின் முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் மாணவர்களோடு நானும் போவது வழக்கம். சென்னையில் மாணவர்கள் இந்த வேலையை 1988 முதல் செய்து வருகிறார்கள்.

2025 ஜனவரியில் நடந்ததைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லையே. சென்னையையும் அதை அடுத்த கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, வயிற்றில் முட்டையோடு கிடந்தன. நீரில் மூச்சுத் திணறிச் செத்ததற்கான அடையாளம் அது. ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு. மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். விசைப்படகு கடலடியில் இழுத்துச் செல்லும் பை வலையான இழுவை மடியில் சிக்கி மணிக்கணக்கில் நீருக்குள் இழுபட்டால் பிழைக்காது. துறைமுகத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. மீன்பிடிப்பும் கடலைப் பயன்படுத்தும் தொழில்தானே?

விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவை மடி போடக்கூடாது என்று விதி இருக்கிறது. கரையில் நின்றால் இரவில் அவற்றின் விளக்குகள் தெரிகின்றன.

---

காசிமேடு விசை எழுதியது:

நான் விசைப்படகு உரிமையாளர். ஆமை செத்தால் எங்களுக்கு மகிழ்ச்சி என்று நினைக்கிறார்களா? வலையில் ஆமை ஏறினால் மடி கிழியும், மீன் நசுங்கும். பாவம் என்ற எண்ணம் எங்கள் ஆட்களுக்கும் உண்டு.

சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இழுவைப் படகை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கமே வெளிநாட்டு உதவியோடு கொண்டுவந்து, மானியம் கொடுத்து, இறால் ஏற்றுமதி செய்து டாலர் கொண்டுவா என்று சொல்லித்தான் எங்கள் பாட்டன்மார் கையில் கொடுத்தது. இன்று செலவில் பெரும்பகுதி டீசலுக்குப் போகிறது. ஐஸ், ஆட்களின் படிக்காசு, பங்கு போக மிஞ்சுவது சொற்பம். ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கட்டிக் கிடக்கும். முன்பு 45 நாளாக இருந்ததைக் கூட்டினார்கள். நாங்கள் ஒப்புக்கொண்டோம். மீன் பெருக வேண்டும் என்று தொழிலை நிறுத்தி வைக்கும் வேறு எந்தத் தொழிற்சாலையையாவது காட்டுங்கள். அனல்மின் நிலையம் ஆண்டுக்கு 61 நாள் சாம்பல் விடாமல் இருக்கிறதா? கப்பல் 61 நாள் வராமல் இருக்கிறதா?

ஐந்து மைலுக்குள் வருகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. டீசல் விலையும் கரையோர இறாலும்தான் காரணம். அவர்களைப் பிடித்து அபராதம் போடுங்கள். எல்லோரையும் ஒரே வலையில் போட்டு இழுக்காதீர்கள்.

---

ஆமைநடை எழுதியது:

அண்ணே, தடைக்காலம் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. மீனவர்களைப் போல வேறு எந்தத் தொழிலும் கடலுக்காக ஓய்வு கொடுப்பதில்லை. இதை எங்கள் கூட்டங்களிலும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் காலத்தைக் கவனியுங்கள். ஆமைகள் இங்கே கரைக்கு அருகில் கூடுவது டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. தடைக்காலம் தொடங்கும்போது பெரும்பாலானவை முட்டையிட்டு முடித்திருக்கும், அல்லது செத்திருக்கும். ஆகவே 61 நாளை நீட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை ஐந்து மைல் விதியை மட்டும் உண்மையாக நடத்துங்கள் என்கிறேன். விசைப்படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவியைப் பொருத்தி வருகிறார்கள். படகு எங்கே நிற்கிறது என்பது கரையில் தெரியும். பிறகு ரோந்துப் படகு தேடிப்போக வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று, ஆமை விலக்குச் சாதனம். மடிக்கு முன்னால் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், அதன் மேல் ஒரு வாசல். இறாலும் மீனும் கம்பி இடைவெளி வழியாக மடிக்குள் போகும், ஆமை சட்டத்தில் முட்டி வாசல் வழியாக வெளியேறும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்பக் கழகம் நம் கடலுக்கென்றே வடிவமைத்திருக்கிறது. இது இல்லாத காரணத்தால்தான் நம் கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. அங்கே போவதெல்லாம் குளத்தில் வளர்த்த இறால். அந்தச் சந்தை திறந்தால் நட்டம் உங்களுக்கா, லாபமா?

---

காசிமேடு விசை எழுதியது:

சாதனத்தைப் போட்டால் பெரிய மீனும் அந்த வாசல் வழியாகப் போய்விடும் என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு இருக்கிறது. உண்மையோ பொய்யோ, செய்து காட்டினால்தான் போகும். அலுவலகத்தில் படம் போட்டுக் காட்டிப் பயனில்லை. எங்கள் படகில் ஏறி, சாதனம் உள்ள வலையையும் இல்லாத வலையையும் ஒரே இடத்தில் இழுத்து, இரண்டு மீனையும் ஏலக் கூடத்தில் எடை போடுங்கள். அந்த நாளின் டீசலை அரசு தரட்டும். படகு நான் தருகிறேன்.

விற்கும் விலையிலும் ஏதாவது வித்தியாசம் வர வேண்டும். சாதனம் போட்டவனுக்கும் போடாதவனுக்கும் ஏலத்தில் ஒரே விலை என்றால் எவன் போடுவான்?

---

நெறியாளர் எழுதியது:

கட்சிச் சண்டையாக இருந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இதுவரை பேச்சு நல்ல முறையில் போகிறது. அப்படியே தொடருங்கள்.

---

வேளச்சேரி வாசி எழுதியது:

மீனும் ஆமையும் துறைமுகமும் பேசியாயிற்று. குடிநீரைச் சேர்க்காமல் சென்னைக் கடலைப் பற்றிப் பேச முடியாது.

2019 கோடையில் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். எங்கள் குடியிருப்பில் லாரிக்காக இரவெல்லாம் விழித்திருந்தோம். அன்றைக்குக் கைகொடுத்தவற்றில் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளும் உண்டு. மீஞ்சூர் ஆலை 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு இயங்குகிறது. நெம்மேலியில் ஒரு 10 கோடி, 2024இல் திறந்த இன்னொரு 15 கோடி. நெம்மேலிக்கு அருகே பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலை கட்டுகிறார்கள். சென்னைக்கு இனிக் கடல்தான் ஏரி. மீனவர்களின் குறைகளை மதிக்கிறேன். ஆனால் இதை வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது.

---

அலைவரி எழுதியது:

வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்கள் பதிவில் வந்த மீஞ்சூர் ஆலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெயர்தான் மீஞ்சூர், இருப்பது காட்டுப்பள்ளியில். இரண்டு துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் நிற்கும் அதே கரையிலிருந்துதான் அது நீரை உறிஞ்சுகிறது. 2017இல் எண்ணெய் பரவியபோது, ஆலைக்குள் அது போய்விடுமோ என்ற பயம் இருந்தது. ஆகவே எண்ணூர்க் கடலின் தூய்மை மீனவரின் பிரச்சினை என்று ஒதுக்க வேளச்சேரிக்கு வழியில்லை.

இனி கழிவு. எடுக்கும் கடல்நீரில் பாதிக்கும் குறைவாகத்தான் குடிநீர் ஆகிறது. மீதி கடலுக்கே திரும்புகிறது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும். திரும்பும் நீரில் 60 கிராமுக்கும் மேல். அது கனமானது, சிதறாமல் விட்டால் தரையோடு தரையாகப் படியும். தரையில் வாழும் நண்டும் இறால் குஞ்சும் அதைத்தான் முதலில் சந்திக்கும். குழாயை ஆழமான, நீரோட்டம் உள்ள இடம் வரை கொண்டுபோய், பல துளைகள் வழியாக மேல்நோக்கிப் பீய்ச்சினால் சில பத்து மீட்டருக்குள் கலந்துவிடும். கரைக்கு அருகில் விட்டால் கலக்காது. வித்தியாசம் குழாயின் நீளத்தில் இருக்கிறது. அதாவது மறுபடியும் பணத்தில்.

ஆலையின் இயக்கச் செலவை வைத்து லிட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். நெம்மேலியிலும் பேரூரிலும் குழாய்க்கு அருகே தொழில் செய்கிறவரின் வலையில் மீன் குறைந்ததா, கூடியதா என்பதை யார் அளக்கிறார்கள்? ஆலை தொடங்குவதற்கு முன்பும் பின்பும் அளக்க வேண்டும், அந்த எண்ணைத் தண்ணீர் வாரிய இணையதளத்தில் மாதாமாதம் போட வேண்டும். மீனவரே தன் படகில் உப்பளவு மானியை எடுத்துச் செல்லலாம். விலை அதிகமில்லாத கருவி அது.

---

துறைமுகத்தெரு எழுதியது:

இதுவரை வந்ததை வைத்து ஒன்று தோன்றுகிறது. எங்கள் தொழிலில் ஒரு பெட்டி எந்த மணிக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்குக் காகிதம் உண்டு. கப்பல் நங்கூரம் போடும் இடத்துக்கும் துறைமுக எல்லைக்கும் வழித்தடத்துக்கும் வரைபடம் உண்டு. டேராடூனில் உள்ள கடற்படையின் நீர்வரைவு அலுவலகம் அதை அச்சிட்டு விற்கிறது. ஆலைக் குழாய்க்கும் வரைபடம் உண்டு. மீனவர் தொழில் செய்யும் இடத்துக்கு மட்டும் எதுவும் இல்லை. திட்டம் தீட்டுகிறவர் மேசையில் விரிக்கும் படத்தில் அந்த இடம் வெறும் நீல நிறம். காலியான இடம் என்று நினைத்துத்தான் கோடு போடுகிறார்.

---

கழிமுகம் எழுதியது:

ஐயா, அதைத்தான் நாங்கள் 2023 ஆகஸ்டில் கரையோர மண்டல வரைபடத்துக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலும் சொன்னோம். மீன் இறங்கும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயவைக்கும் மணல், ஆற்றில் நாங்கள் முறை வைத்து வலை போடும் பாடு என்று எதையும் முழுமையாகக் குறிக்கவில்லை. குறிக்காவிட்டால் நாளைக்கு அது புறம்போக்கு என்று ஒருவர் வேலி போடுவார்.

எங்கள் தண்ணீருக்குச் சட்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். பழவேற்காட்டில் பாடு முறை உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை வைக்கலாம் என்பதைச் சுற்று முறையில் ஊர் கூடி முடிவு செய்யும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. ஏரியை எல்லோரும் ஒரே நாளில் துடைத்தெடுக்கவும் முடியாது. பயன்படுத்துவதும் காப்பதும் அங்கே ஒரே ஏற்பாட்டில் நடக்கின்றன. எந்தத் திட்ட அறிக்கையும் அதை ஒரு மேலாண்மை முறையாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நாங்களே குறித்துவிடலாம் என்று இருக்கிறேன். படகுக்கு ஒரு ஜி.பி.எஸ். இன்று எல்லோரிடமும் இருக்கிறது. இடத்தின் பெயர், ஆழம், எந்த மாதம், எந்த வலை, என்ன மீன் என்று ஐந்து கட்டங்கள் போதும். என் பத்தாம் வகுப்பு மாணவர்கள் அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவார்கள்.

---

காசிமேடு விசை எழுதியது:

நல்ல யோசனை, அம்மா. ஐந்து மைலுக்கு வெளியே நாங்கள் மடி இழுக்கும் தடங்களையும் பார்கள் (கடலடிப் பாறைத் திட்டுகள்) இருக்கும் இடங்களையும் தருகிறேன். பாரில் மடி மாட்டிக் கிழிந்த ஒவ்வொரு இடமும் எங்கள் ஓட்டுநர்களுக்குத் தெரியும். ஒரு நிபந்தனை. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலைக்காரர்களின் இடத்தையும் குறியுங்கள். 12 கடல் மைலுக்கு வெளியே திங்களும் வியாழனும் மட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி கொடுத்திருக்கிறது. அதை மீறுகிறவர்களும் அந்தப் படத்தில் தெரிய வேண்டும்.

---

துறைமுகத்தெரு எழுதியது:

எண்ணூர், காட்டுப்பள்ளி நங்கூர இடங்களும் துறைமுக எல்லைகளும் உள்ள கடல் வரைபடத்தை நான் வாங்கித் தருகிறேன். அதன் மேல் உங்கள் படத்தை வைத்துப் பார்த்தால், எங்கே மோதுகிறது, எங்கே நங்கூர இடத்தைச் சற்று நகர்த்தினாலே போதும் என்று தெரியும். அப்படி நகர்த்துவது நடக்கக்கூடிய காரியம்தான். கப்பல் தலைவர்களுக்கு அறிவிப்பு அனுப்பினால் போதும், கட்டுமானம் எதுவும் வேண்டியதில்லை. ஆழத்தை எந்த அளவில் எழுதுவார்கள்? கடல் வரைபடத்தில் மீட்டர் இருக்கும்.

---

கழிமுகம் எழுதியது:

எங்கள் ஆட்கள் பாகத்தில்தான் சொல்வார்கள். எட்டுப் பாகம், பன்னிரண்டு பாகம் என்று. மீட்டரில் கேட்டால் குழம்பிவிடுவார்கள்.

---

அலைவரி எழுதியது:

பாகத்திலேயே எழுதச் சொல்லுங்கள், சகோதரி. ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர். மாற்றும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்கள் ஒன்றை மட்டும் மறக்காமல் கேட்கட்டும்: இருபது ஆண்டுகளுக்கு முன்பு அதே இடத்தில் எத்தனை பாகம் இருந்தது என்று. ஆற்றுக்குள் குறிக்கும் இடங்களுக்கு அந்தக் கட்டம் கட்டாயம் வேண்டும். சாம்பல் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைத் தூர்வாரும் செலவாக மாற்ற அந்த எண் தேவைப்படும்.